திரையில் எழுந்தருளிய வள்ளல்

மாட்சிமை பொருந்திய வணிகர் திலகமே! கைப்பேசி என்னும் அரியணையில் கொலுவீற்றிருந்து, இரவு பகல் பாராமல் எம் பிள்ளைகளுக்கு அருள்பாலிக்கும் ஆயுத வள்ளலே! செபராங் ஜெயா மக்களின் சார்பில் தங்கள் பொற்பாதங்களுக்கு ஆயிரம் கோடி வணக்கம்.

எங்கள் ஊர் பெரிய ஊரன்று. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தை ஒட்டி இருக்கிறோம். தெருக்களுக்குக்கூட மீன்களின் பெயர்கள்தாம்: ஜாலான் தோடாக், லெபோ தெங்கிரி என்று போகும். பறவைப் பூங்கா உண்டு, பேரங்காடி உண்டு, கருமாரியம்மன் கோயில் உண்டு, அரசாங்க மருத்துவமனை உண்டு. இப்படிப்பட்ட ஊருக்கு ஓர் அமைச்சர் வருவதென்றாலும் நான்கு நாளைக்கு முன்பே கொடி கட்டுவார்கள், சாலைக் குழியை அடைப்பார்கள். தாங்களோ அந்த ஆடம்பரம் அனைத்தையும் துறந்த எளிமையின் சிகரம். நாங்கள் தீவுக்குப் போக 1985இல் திறந்த பாலத்தில் இன்றைக்கும் காருக்குச் சுங்கம் கட்டுகிறோம். தங்களுக்குப் பாலமும் வேண்டாம், சுங்கமும் வேண்டாம், சுங்கத்துறை அதிகாரியின் முகதரிசனமும் வேண்டாம். வாசல் மணியை அழுத்தி வீட்டாரைத் தொந்தரவு செய்யும் வழக்கமே தங்களிடம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு படுத்திருக்கும் அந்த வேளை பார்த்து, தலையணைக்கு அருகிலேயே எழுந்தருள்கிறீர்கள். பெற்ற தாயும் அந்நேரத்தில் அந்த அறைக்குள் போவதில்லை.

தங்கள் விளம்பரம் ஒன்றை அருகிலிருந்து தரிசிக்கும் பேறு எனக்கும் வாய்த்தது. உறவுக்காரப் பையனின் கைப்பேசி. முருகன் பாட்டு ஒன்று முடிந்து, பெரிய அண்டாவில் பிரியாணி கிண்டும் காணொளி தொடங்குவதற்குள் கிடைத்த இடைவெளியில் தாங்கள் காட்சி தந்தீர்கள். கறுப்பு வெல்வெட் துணி. அதன்மேல் சாண் நீளத்தில் மரையிட்ட உலோகக் குழாய். பக்கத்தில் ஒரு கைப்பிடி, சிவப்புப் புள்ளி வீசும் லேசர், இடுப்பில் மாட்டும் உறை. கையுறை போட்ட கை ஒன்று, அந்தக் குழாயைக் குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல அவ்வளவு கனிவாகத் திருகிக் காட்டியது. முகம் மட்டும் காட்டப்படவில்லை. தற்புகழ்ச்சியை வெறுக்கும் சான்றோர் அப்படித்தான் இருப்பார்கள். விலையில் பாதிக்குமேல் தள்ளுபடி. பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்ற பெருந்தன்மை வேறு. கீழே நம் பையன்கள் வரிசையாக நின்று 'போஸ், ஸ்டோக் இருக்கா?' என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தாங்கள் சலிக்காமல் தந்த மறுமொழி ஒன்றே: 'பிஎம் தெப்பி.' சந்தையின் நடுவே சத்தம் போட்டு விற்காமல், வாடிக்கையாளனைத் தனியே அழைத்துக் காதோடு பேசும் இந்தப் பண்பாடு இக்காலத்தில் யாருக்கு வரும்?

பெயர் சூட்டுவதில் தங்களுக்கு நிகர் தாங்களே. துப்பாக்கியின் ஓசையை அடக்கும் குழாயை அந்தப் பெயரிலேயே விற்றால் அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுச்சீட்டு எங்கே என்று கேட்கும். ஆகவே தங்கள் மரபினர் அதற்கு 'எரிபொருள் வடிகட்டி' என்று நாமகரணம் செய்து ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் ஆயிரக்கணக்கில் விளம்பரம் கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் எண்ணிப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். எந்தக் காரிலும் பொருத்த முடியாத எரிபொருள் வடிகட்டி! எங்கள் பக்கத்திலோ தங்கள் சொல்வளம் இன்னும் விரிவானது. போலித் துப்பாக்கி 'விளையாட்டுச் சாமான்' ஆகிறது. கெராம்பிட் என்னும் வளைந்த கத்தி 'சேகரிப்புப் பொருள்' ஆகிறது. முழங்கை நீளப் பாராங் 'கேம்பிங் தேவை' ஆகிறது. பக்கத்து ஊரான பிறையின் அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் குடியிருக்கும் பையன் எந்தக் காட்டில் கூடாரம் அடிக்கப் போகிறான் என்ற அநாகரிகமான கேள்வியைத் தாங்கள் கேட்பதேயில்லை. வாடிக்கையாளரின் அந்தரங்கத்தை அப்படிப் போற்றுகிறீர்கள்.

ஔவையார் இன்று இருந்தால் தங்களைப் பாட ஓடிவந்திருப்பார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன அந்த அம்மைக்கு அவன் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசி, காவல் மனையில் அடுக்கி வைத்திருந்த வேல்களைப் பார்த்து அவர் வியந்து பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. பாவம் தொண்டைமான்! வேலையும் வைத்துக்கொண்டு பீலியையும் வைத்துக்கொண்டு கொட்டிலைப் பூட்டிவிட்டான், வணிகம் அறியாதவன். தாங்கள் பீலியைத் தனியே விற்கலாம் என்று கண்டுபிடித்த மேதை. ஆயுதம் இல்லாதவனுக்கு முதலில் ஆயுதத்தின் நகைகளை விற்கிறீர்கள். இந்த மாதம் ஓர் உறை. உறை வெறுமையாகத் தொங்குவது பையனுக்கே கூச்சமாக இருக்கும்; அதற்குள் வைக்க அடுத்த மாதம் போலித் துப்பாக்கி. போலி நிஜம்போலத் தெரியவில்லையே என்று நண்பர்கள் சிரித்தால் ஒரு லேசர், ஒரு கைப்பிடி. இத்தனையும் சேர்ந்த பிறகு உள்ளே இருப்பது மட்டும் பொம்மையாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஒரே நாளில் எவனையும் தாங்கள் கெடுத்ததில்லை. படிப்படியாகப் பயிற்றுவிக்கும் நல்லாசிரியர் தாங்கள்.

கொடையிலும் தங்களை மிஞ்ச ஆளில்லை. கர்ணன் கவசத்தைத்தான் கொடுத்தான். தாங்கள் தங்களுக்கு வரவேண்டிய தண்டனை முழுவதையும் வாங்கியவனுக்கே தானம் செய்துவிடுகிறீர்கள். இந்நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 36ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. போலித் துப்பாக்கி வைத்திருந்தாலே ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் சுடுகருவிகள் சட்டத்தில் 8ஆம் பிரிவு இன்னும் தாராளமானது. அனுமதியில்லாத துப்பாக்கிக்கு 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பாராங்கைப் பொது இடத்தில் ஏந்தித் திரிந்தவனுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்கிறது. அங்கும் பிரம்பு உண்டு. தங்கள் விளம்பரத்தில் விலை இருக்கிறது, தள்ளுபடி இருக்கிறது, அனுப்பும் செலவு இலவசம் என்ற நற்செய்தி இருக்கிறது. இந்தப் பிரிவுகளை மட்டும் எந்த மூலையிலும் காணவில்லை. வாங்குகிறவனுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தீர்கள் போலும். காவல்துறை கதவைத் தட்டும் அன்றைக்கு அவன் தாய்க்கும் தெரிந்துவிடும். ஆறு பிரம்படியில் அரை அடியைக்கூடத் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ளாத வள்ளலை எந்தச் சங்கப் புலவன் கண்டிருக்கிறான்?

தங்கள் புகழ் எல்லை கடந்தது. வடக்கே தாய்லாந்தில், 2023 அக்டோபர் 3ஆம் தேதி, பாங்காக்கின் சியாம் பாராகான் பேரங்காடிக்குள் 14 வயதுப் பையன் ஒருவன் சுட்டான். உயிர்கள் போயின. அவன் கையில் இருந்தது வெற்றுத் தோட்டா வெடிக்கும் துப்பாக்கியைத் திருத்திச் செய்தது, இணையத்தில் வாங்கியது. விற்றதாகக் காவலர் பிடித்தவர்களில் சிலர் யாலாவைச் சேர்ந்தவர்கள். யாலா எங்கே இருக்கிறது என்று செபராங் ஜெயாக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெத்தோங் அந்த மாநிலத்து ஊர்தான். விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய்க் கோழிச்சோறு தின்றுவிட்டு வருகிற இடம். முன்பெல்லாம் அந்த எல்லையில் ஒரு துப்பாக்கியைக் கடத்த ரப்பர்க் காட்டையும் இருட்டையும் லஞ்சத்தையும் நம்ப வேண்டியிருந்தது. அத்தனை கஷ்டத்திலிருந்தும் மனித குலத்துக்கு விடுதலை வாங்கித் தந்தவர் தாங்கள்.

இரண்டே ஆண்டுகளில் எங்கள் நாட்டுக்கும் அந்தப் பாக்கியம் வந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதி, சிலாங்கூரின் பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப் பள்ளிக்குள், 14 வயது மாணவன் 16 வயது மாணவியைக் குத்திக் கொன்றான். ஆயுதங்கள் இணையத்தில் வாங்கப்பட்டவை என்று காவல்துறை சொன்னது. அன்றைக்கு அந்தப் பிள்ளை பள்ளிப் பைக்குள் புத்தகம் வைத்துக்கொண்டு வந்தவள். தங்கள் சாம்ராஜ்யத்திலிருந்து போன பொட்டலமோ எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. வயது என்ன என்று தாங்கள் கேட்கவில்லை. சிகரெட் விற்கும் மளிகைக் கடைக்காரர்கூடப் பள்ளிச் சீருடையைப் பார்த்தால் தயங்குவார். அத்தகைய பழமைவாதம் தங்களைத் தீண்டியதில்லை. பையனை முழு மனிதனாக மதித்துப் பொருளைக் கொடுத்தீர்கள்.

இனி, தங்களுக்கு அரியாசனம் தந்து, சாமரம் வீசி, நிழல் கொடுக்கும் பேரரசர்களையும் பாடாமல் விட்டால் நாக்கு அழுகிவிடும். மெட்டா நிறுவனத்தின் விளம்பர விதிகளைப் படித்தேன். ஆயுதம், வெடிமருந்து, ஆயுதத்தை மாற்றியமைக்கும் துணைப்பாகங்கள் எதையும் விளம்பரம் செய்யக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஃபேஸ்புக்கில் தனியார் துப்பாக்கி விற்பனைக்கு 2016 ஜனவரியிலேயே தடை. எவ்வளவு அழகான விதி! கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி அருங்காட்சியகத்தில் காட்டத் தக்கது; புழக்கத்தில் விட்டு அழுக்காக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்நிறுவனத்தின் உள்ளாவணங்களைப் பார்த்து எழுதியது. 2024ஆம் ஆண்டு வருமானத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு, அதாவது 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களாலும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களாலும் வரும் என்று அவர்களே கணக்குப் போட்டு வைத்திருந்தார்களாம். நிறுவனம் அந்தக் கணக்கு தோராயமானது, மிகையானது என்று மறுத்தது. செல்வந்தர்கள் தம் செல்வத்தைக் குறைத்துச் சொல்லும் அந்த அடக்கம் கண்டு நெஞ்சம் உருகுகிறது.

அதே ஆவணங்களில் வேறொரு மாண்பும் வெளிப்பட்டது. ஒரு விளம்பரதாரர் ஏமாற்றுக்காரர்தான் என்று 95 விழுக்காடு உறுதியானால்தான் அவரை வெளியேற்றுவார்களாம். அதற்குக் குறைவாகச் சந்தேகப்பட்டால் விளம்பரக் கட்டணத்தைக் கூட்டி வாங்குவார்களாம். மனுநீதிச் சோழன் இதைக் கேட்டிருந்தால் வெட்கித் தலைகுனிந்திருப்பான். கன்றை இழந்த பசு மணியை ஒரு தரம் அசைத்ததற்கே அவன் பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்டானே, அது என்ன அவசர நீதி? பசுவின் மனவருத்தம் எத்தனை விழுக்காடு உறுதி என்று கணக்கிட்டானா? கட்டணத்தை உயர்த்தி இளவரசரைத் தேரோட்டத் தொடர்ந்து அனுமதித்திருந்தால் கருவூலம் நிரம்பியிருக்குமே! இன்னொரு கருணையும் அங்கே எழுதியிருந்தது. இப்படிப்பட்ட மோசடி விளம்பரம் ஒன்றைத் தொட்டவனுக்கு அதேபோன்ற விளம்பரங்கள் மேலும் மேலும் வந்து சேரும். விருந்தோம்பல் என்றால் இதுவன்றோ. ஒரு வாய் உண்டவனைப் பந்தியிலிருந்து எழவே விடுவதில்லை.

நான் கண்ட விளம்பரத்தைப் பற்றி ஒரு தளத்துக்குப் புகார் எழுதி அனுப்பினேன். 'எங்கள் சமூக விதிமுறைகளை இது மீறவில்லை' என்று பதில் வந்தது. மனிதக் கை படாத, இயந்திரம் எழுதிய தூய பதில். ஒரு மனிதர் உட்கார்ந்து அந்தக் குழாயையும் கைப்பிடியையும் பார்த்திருந்தால் அவருடைய தூக்கம் கெட்டிருக்கும். ஊழியரின் உறக்கத்தையும் காக்கும் முதலாளிகள் வாழ்க.

வள்ளலே, எங்கள் சமூகத்தின்மீது தாங்கள் வைத்திருக்கும் தனிப்பரிவை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. 2013இல் இந்நாட்டில் அடுத்தடுத்துத் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. காவல்துறை 'ஓப்ஸ் சந்தாஸ்' நடவடிக்கையைத் தொடங்கியது. அந்த ஆகஸ்டில் பினாங்கு சுங்கை நிபோங்கில் ஒரு குடியிருப்புக்குள் ஐந்து இளைஞர்களைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அதே மாத இறுதியில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40,000க்கும் மேல். அவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இந்தியர். நாட்டு மக்கள்தொகையில் நாங்கள் 7 விழுக்காட்டைச் சுற்றித்தான் இருக்கிறோம். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்கள். அப்பா லோரி ஓட்டப் போயிருப்பார், அம்மா தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போயிருப்பார். கும்பலுக்கு ஆள் பிடிக்கிறவன் அன்றெல்லாம் பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிளில் காத்துக் கிடந்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, மாதக் கணக்கில் பாடுபட வேண்டும். ஆசிரியர் யாராவது பார்த்துவிட்டால் அவன் பிழைப்பு போச்சு. அந்த உழைப்பைத் தாங்கள் முழுவதுமாகத் தூக்கி எறிந்தீர்கள். எந்தப் பையன் எந்தப் பாட்டுக்கு எத்தனை நொடி நின்றான், எந்தச் சண்டைக் காட்சியைத் திரும்பப் பார்த்தான், இரவு எத்தனை மணிவரை விழித்திருந்தான் என்பதெல்லாம் தங்கள் அவையின் அல்காரிதத்துக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. அவன் வகுப்பாசிரியருக்குத் தெரியாது. தனித்துக் கிடக்கும் பிள்ளையை அவனைப் பெற்றவர்களைவிட அதிகமாகக் கவனித்துப் பார்த்தவர் தாங்கள்தான் என்பதை எந்த மேடையிலும் ஒத்துக்கொள்வேன்.

அரசாங்கமும் தங்களை வரவேற்கத் தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. 80 லட்சம் பயனர்களுக்கு மேல் வைத்திருக்கும் சமூகத் தளங்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் நாள் விதி வந்தது. சில தளங்கள் எடுத்தன. சில தளங்கள் அந்த அழைப்பிதழை அவசரமில்லாமல் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. 2026 ஜனவரி முதல் நாள் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தாங்கள் எந்தச் சட்டத்தோடும் மல்லுக்கு நிற்பவர் அல்லர். காலையில் கணக்கை மூடினால் மதியம் வேறு பெயரில் புதுக் கணக்கு. அதே வெல்வெட் துணி, அதே கையுறை, இன்னும் கொஞ்சம் தள்ளுபடி. தசாவதாரம் எடுக்கத் திருமாலுக்கு யுகங்கள் தேவைப்பட்டன. தங்களுக்கு ஒரு வார இறுதி போதும்.

இத்தகைய பெருந்தகை பட்டம் எதுவும் இல்லாமல் வெறும் கணக்குப் பெயரோடு திரிவது எங்கள் மனத்தை அறுக்கிறது. கோயிலுக்குக் கூரை போட்டவருக்கும், பள்ளிக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவருக்கும் டத்தோ பட்டம் கேட்டு மனு எழுதுகிற ஊர் இது. அடுத்த ஆண்டு ஆளுநர் பிறந்தநாள் விருதுப் பட்டியலுக்குத் தங்கள் பெயரைப் பரிந்துரைக்க எண்ணுகிறேன். அதற்கு முன்னதாக ஊரிலேயே ஒரு பாராட்டு விழா. மண்டபம் வேண்டாம், இடம் செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலாகவே இருக்கட்டும். முன்வரிசையில் தாய்மார்கள் உட்கார்ந்திருப்பார்கள். வெட்டுப்பட்டவனின் தாயும் வெட்டியவனின் தாயும் அங்கே ஒரே பெஞ்சில்தான் காத்திருப்பார்கள். அவர்கள் இருவரையும் அருகருகே உட்கார வைத்த பெருமை தங்களுடையது. பொருள் எவ்வளவு கூர்மை என்று தையல் போடுகிற மருத்துவர் இரண்டு வார்த்தை பேசுவார். கட்டணக் கணக்கைப் படிக்கத் தளத்தின் பிரதிநிதி யாராவது வந்தால் அவருக்கும் மாலை உண்டு.

ஒரே ஒரு குறை. விருது மனுவில் முழுப்பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி ஆகிய மூன்றும் கட்டாயம் கேட்கிறார்கள். தன்னடக்கத்தின் காரணமாகத் தாங்கள் இவற்றில் எதையும் இதுவரை வெளியிடவில்லை. ஆகவே வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் பிள்ளை தூங்குவதற்கு முன்னால் அவன் அருகில் உட்கார்ந்து, அந்தத் திரையில் வள்ளல் எழுந்தருளுகிறாரா என்று பாருங்கள். எழுந்தருளினால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கணக்கின் பெயர், தொலைபேசி எண், காசு போட வேண்டிய வங்கிக் கணக்கு எல்லாம் தெரியும்படி. மறுநாள் காலை அதை அருகிலுள்ள காவல் நிலையத்தில் கொடுத்துப் புகார் எழுதிவிடுங்கள். தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அன்னாரைக் கண்டுபிடித்து, கைப்பிடித்து, உரிய மரியாதைகளோடு அழைத்து வருவதற்கு அவர்களிடம் வாகனம் இருக்கிறது.